பாடர் அஸ்ட்ரோசோலார் பிலிம்: ஐந்து வருடத்துக்கு மேல் பயன்படுத்திய ஸ்டுடியோக்காரனின் மதிப்புரை

கரூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, பாஸ்போர்ட் போட்டோ, இதுதான் தொழில். சூரியனைப் படம் எடுப்பதில் காசு வராது. ஆனாலும் பதினைந்து வருடமாக அதன் மேல் எனக்கு ஒரு பிடிப்பு. கிரகணம் நெருங்கினால் போதும், தெரிந்தவர்கள் எல்லாம் போன் செய்து "எந்த பில்டர் வாங்கறதுங்க?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொன்னதை எல்லாம் இங்கே ஒரே முறையில் முழுசாக எழுதிவிடுகிறேன்.

நான் வாங்கியது பாடர் அஸ்ட்ரோசோலார் சேஃப்டி பிலிம், சூரியனைப் பார்க்கவும் படம் எடுக்கவும் லென்ஸ் முன்னால் போடும் பில்டர் தாள். ஜெர்மனியின் பவேரியாவில், மாமென்டார்ஃப் என்ற ஊரில் இருக்கும் பாடர் பிளானடேரியம் நிறுவனத்தின் சரக்கு. 20 சென்டிமீட்டர் அகலம், 29 சென்டிமீட்டர் நீளம், ஏ4 தாளைவிடக் கொஞ்சம் சின்னது. பிஸ்கட் பாக்கெட்டின் உள்பக்கம் மாதிரி வெள்ளியாகப் பளபளக்கும். கையில் வைத்தால் எடையே தெரியாது. 2019 நவம்பரில், வெளிநாட்டு டெலஸ்கோப் சாமான்கள் விற்பவர் ஒருவரிடம் சொல்லி வரவழைத்தேன். கூரியரோடு சேர்த்து 3,000 ரூபாயை ஒட்டி வந்தது. பிரித்துக் காட்டியபோது வீட்டில், "இந்தக் காகிதத்துக்கா மூவாயிரம்?" என்றார்கள். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. ஏன் வாங்கினேன் என்று சொல்ல 2010க்குப் போக வேண்டும்.

2010 ஜனவரி 15, தை அமாவாசை. அன்றைக்குக் கங்கண சூரிய கிரகணம், நிலா நடுவை மட்டும் மறைத்து சூரியன் வளையமாகத் தெரிவது, அதுவும் இந்த ஆயிரமாண்டின் மிக நீளமான கங்கணம். தனுஷ்கோடியில் பத்து நிமிடத்துக்கு மேல் வளையம் நின்றது. அப்போது நான் இன்னொருவருடைய ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ராத்திரியே வேனில் கிளம்பினோம். ராமேஸ்வரம் முழுக்க அமாவாசைக் கூட்டம், தனுஷ்கோடி மணலில் இன்னொரு கூட்டம். எங்களிடம் சோலார் பில்டர் எதுவும் இல்லை. லேப்பில் இருந்து கொண்டுவந்த பழைய எக்ஸ்ரே பிலிமை இரண்டு மடிப்பாக வெட்டி லென்ஸ் முன்னால் ஒட்டினோம். வெட்டி ஒட்டியவன் நான். அதற்கு மேல் ஒரு என்.டி. பில்டர், அதாவது லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. வ்யூஃபைண்டரில் பார்த்தால் சூரியன் கண்ணைக் கூசவே இல்லை, மங்கலாக, அழகாகத் தெரிந்தது. அண்ணா வலது கண்ணை வைத்து அந்தப் பத்து நிமிடமும் எடுத்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் திரும்பும்போது பரமக்குடி தாண்டி, "முன்னாடி போற லாரியோட நம்பர் பிளேட் நடுவுல ஒண்ணும் தெரியல தம்பி" என்றார். தூக்கக் கலக்கம் என்று நினைத்தோம். மறுநாளும் அப்படித்தான். கண் டாக்டர் பார்த்துவிட்டு, விழித்திரையின் நடுப்பகுதி வெந்திருக்கிறது என்றார். விழித்திரையில் வலி உணரும் நரம்பே கிடையாது, அதனால் வேகும்போது தெரியாது என்றும் அவர்தான் சொன்னார். கூச்சம் இல்லை என்பதற்காகப் பத்திரம் என்று நினைத்தோமே, அதுதான் தப்பு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை எக்ஸ்ரே பிலிமும் சாதாரண என்.டி. பில்டரும் குறைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் நிறைய உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதை லென்ஸ் வேறு குவித்துக் கொடுக்கும். அண்ணாவின் வலது கண்ணில் அந்தப் பொட்டு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. யாரையாவது நேராகப் பார்த்தால் அவருக்கு மூக்கு தெரியாது.

இப்போது பிலிமுக்கு வருகிறேன். இதன் அடர்த்தி எண் 5.0. அதாவது விழும் வெளிச்சத்தில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். கடையில் கிடைக்கும் என்.டி. 1000 பில்டர் ஆயிரத்தில் ஒரு பங்கை விடும், இதைப் போல் நூறு மடங்கு. கிராமத்தில் சாணி கரைத்த தண்ணீரிலோ மஞ்சள் தண்ணீரிலோ சூரியனின் பிம்பத்தைப் பார்ப்பார்கள். தண்ணீர்ப் பரப்பு சுமார் நூற்றுக்கு இரண்டு பங்கைத் திருப்பி அனுப்பும். கேட்கக் குறைவாகத் தெரியும், ஆனால் இந்தப் பிலிம் விடுவதைப் போல் இரண்டாயிரம் மடங்கு அது. அகச்சிவப்பையும் புற ஊதாவையும்கூட இந்தப் பிலிம் நிறுத்துகிறது. இரண்டு பக்கமும் உலோகப் பூச்சு இருப்பதால் ஒரு பக்கத்தில் ஊசி முனை அளவு பூச்சு விட்டிருந்தாலும் மறுபக்கம் மறைத்துவிடும்.

இதே பெயரில் 3.8 எண்ணிலும் ஒன்று விற்கிறது. அது 5.0 விடுவதைப் போல் 16 மடங்கு வெளிச்சம் விடும். டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டி மிக வேகமான ஷட்டரில் எடுப்பவர்களுக்கானது. கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. ஆர்டர் போடும்போது எண்ணை இரண்டு முறை படியுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் 3.8 பக்கமே போகாதீர்கள் என்பேன்.

போலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் பிலிமுக்கு முன்னால் ஆன்லைனில் 400 ரூபாய்க்கு "சோலார் பிலிம்" என்று போட்டிருந்ததை வாங்கினேன். பார்சலைப் பிரித்து அதன் வழியாக ஜன்னலைப் பார்த்தேன். எதிர்வீட்டு மாடியில் காய்ந்த புடவையின் பார்டர் வரைக்கும் தெரிந்தது. ஆபீஸ் கண்ணாடிக்கு ஒட்டும் பிலிம் அது, வேறொன்றும் இல்லை. நல்ல சோலார் பிலிமைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தால் அறை முழுக்க இருட்டாகிவிட வேண்டும். டியூப்லைட் தெரியக் கூடாது. போன் டார்ச்சை மிகக் கிட்டத்தில் பிடித்தால் ஒரு மங்கல் புள்ளி தெரியலாம், அவ்வளவுதான். மரம், ஜன்னல், ஆள் எது தெரிந்தாலும் அதைக் குப்பையில் போடுங்கள். யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பிலிம் சட்டம் இல்லாமல் வெறும் தாளாகத்தான் வரும், பிடிப்பை நாம்தான் செய்ய வேண்டும். நான் ஆல்பம் பைண்டிங்குக்கு வைத்திருந்த கெட்டி அட்டையில் செய்தேன். லென்ஸின் முன்பக்கத்தைச் சுற்றி அட்டைப்பட்டையை இறுக்கமாக வளைத்து ஒரு குழாய் மாதிரி ஒட்டினேன். உள்பக்கத்துக்கு, லென்ஸில் கீறல் விழாமல் இருக்கவும் பிடிப்பாக நிற்கவும், நகைப் பெட்டி வெல்வெட் ஒட்டினேன். அப்புறம் இரண்டு அட்டை வளையங்களுக்கு நடுவே பிலிமை வைத்து டபுள் டேப்பில் ஒட்டிக் குழாயின் வாயில் பொருத்தினேன். இங்கேதான் எல்லோரும் ஒரு தப்பு செய்கிறார்கள், பிலிமைத் தப்பட்டை மாதிரி இழுத்துக் கட்டுகிறார்கள். இழுக்கக் கூடாது. அதன் போக்கில் விட்டு, லேசாகச் சுருக்கம் விழுந்தாலும் அப்படியே ஒட்டுங்கள். சுருக்கத்தால் படம் கெடாது. இழுத்தால் பூச்சு விரிசல் விடும், படமும் கோணும். கைரேகை படாமல் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். நான் கல்யாண ஆல்பத்துக்குப் போடும் காட்டன் கையுறையைப் போட்டுக்கொண்டேன்.

பில்டர் எப்போதும் லென்ஸுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். பின்னால் வைத்தாலும், டெலஸ்கோப்பில் கண் வைக்கும் இடத்தில் திருகும் சின்னக் கண்ணாடியைப் போட்டாலும், குவிந்த வெயில் அதன் மேலேயே விழும். அந்தச் சூட்டில் கண்ணாடி பட்டென்று விரிசல் விட்டால் அடுத்த நொடி அத்தனை வெயிலும் கண்ணுக்குள். கிரகணம் பார்க்கும் அட்டைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்டர் இல்லாத கேமரா வழியாகப் பார்ப்பதும் இதே கதைதான். அந்தக் கண்ணாடி வெறும் கண்ணுக்கு மட்டும்.

2019 டிசம்பர் 26. அந்த வருடக் கங்கணம் ஊட்டி, கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாகப் போய் யாழ்ப்பாணம் பக்கம் இறங்கியது. எங்கள் ஊருக்கே வந்த கிரகணம். விடிகாலையில் க.பரமத்தி பக்கம் கல்குவாரி ஒன்றின் மேட்டில் போய் நின்றோம். நான், ஆறாவது படித்த என் மகள், அப்புறம் அண்ணா. அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. முந்தின நாள் ராத்திரி போன் செய்து, "எனக்கும் ஒரு சீட் போட்டு வை" என்றார்.

மார்கழிப் பனி எட்டு மணிக்குத்தான் விலகியது. எட்டேகால் வாக்கில் சூரியனின் மேல் ஓரத்தில் ஒரு கடி தெரிந்தது. கேமரா கேனான் 700டி, லென்ஸ் 70-300. 300 மில்லிமீட்டரில் சூரியனின் பிம்பம் சென்சாரில் மூன்று மில்லிமீட்டர்கூட வராது, லென்ஸ் நீளத்தை 109ஆல் வகுத்தால் கிடைக்கும் அளவு அது. படத்தில் சுமார் 640 பிக்சல் குறுக்களவு. சின்னதுதான், ஆனால் ஓரம் பிளேடில் வெட்டின மாதிரி இருந்தது. இந்தப் பிலிமின் சிறப்பே அந்த ஓரம்தான். நிறம் கிட்டத்தட்ட வெள்ளை, கொஞ்சம் நீலச் சாயல். சூரியன் என்றால் ஆரஞ்சாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். கறுப்பு பாலிமர் பில்டர் ஆரஞ்சு நிறம் கொடுக்கும், நண்பர் ஒருவரிடம் வாங்கி அதிலும் எடுத்தேன். நிறம் நன்றாக இருந்தது, ஓரம் கொஞ்சம் குழைந்தது. எனக்கு வெள்ளைதான் பிடித்தது. நிறம் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளலாம். குழைந்த ஓரத்தைக் கூர்மையாக்க முடியாது.

கேமரா செட்டிங் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் 1/500. தெளிவான வானத்துக்கு இந்தப் பிலிமில் அதுதான் என் கணக்கு, மெல்லிய மேகம் வந்தால் 1/250. சூரியன் பாதி மறைந்த பிறகும் இதை மாற்ற வேண்டாம். நிலா மறைக்காத பகுதியின் பிரகாசம் குறைவதில்லை, அதன் பரப்புதான் குறைகிறது. வளையம் வரும்போது மட்டும் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டினேன், சூரியனின் விளிம்பு நடுப்பகுதியைவிடக் கொஞ்சம் மங்கல் என்பதால். ஃபோகஸ் மேனுவலில். ஸ்க்ரீனில் பத்து மடங்கு பெரிதாக்கி ஓரத்தைப் பார்த்துச் சரி செய்து, ரிங் நகராமல் ஒரு துண்டு டேப் போட்டேன். பில்டர் குழாய்க்கும் லென்ஸுக்கும் சேர்த்து மூன்று இடத்தில் டேப். காற்றில் பறந்தாலோ சின்னப் பிள்ளை கை பட்டு விழுந்தாலோ கேட்பார் யார்? கேமராவைச் சூரியன் பக்கம் திருப்பும் முன்னால் பில்டரைப் போட வேண்டும், சூரியனை விட்டுத் திருப்பிய பிறகுதான் கழற்ற வேண்டும். இந்த ஒரு வழக்கத்தை நான் இன்றுவரை மாற்றியதில்லை.

ஒன்பதரை வாக்கில் வெயிலின் நிறமே மாறியது. வெயில் அடிக்கிறது, ஆனால் சூடு இல்லை. கல்குவாரி மேட்டின் வேப்பமரத்தடியில் மகள் நின்றிருந்தாள். இலை இடுக்கு வழியாக விழும் வெளிச்சம் அதுவரை பிறைபிறையாக அவளுடைய வெள்ளைச் சட்டை முதுகில் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிறை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மூடி, மோதிரம் மோதிரமாக ஆனது. காற்று அடிக்க அடிக்க முதுகு முழுக்க மோதிரம் நகர்ந்தது. இந்தக் காட்சிக்குப் பில்டரே வேண்டாம், வேப்பமரம் போதும்.

சுமார் மூன்று நிமிடம் வளையம். நான் அறுபது படம் எடுத்திருப்பேன். அண்ணா கேமராவுக்குப் பக்கத்தில் நின்று பின்பக்க ஸ்க்ரீனை மட்டும் பார்த்தார். வ்யூஃபைண்டரில் கண் வைக்கச் சொன்னேன். "இது பத்திரம்தானா?" என்று கேட்டார். பிலிமைக் கழற்றாமல், ஒரு மிச்சத் துண்டை அட்டையில் ஒட்டி அவர் கையில் கொடுத்து முதலில் அதில் பார்க்கச் சொன்னேன். இடது கண்ணால் பார்த்தார். வளையம் முடியும் வரை அதைக் கீழே இறக்கவே இல்லை.

எங்கள் ஊரில் வெல்டிங் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. கரூர் என்றாலே பஸ் பாடி கட்டும் பட்டறைகள். கிரகணம் என்றதும் பாதிப் பேர் பட்டறைக்குப் போய்க் கறுப்புக் கண்ணாடி வாங்கிவருவார்கள். அங்கே புழங்குவது பெரும்பாலும் 10, 11 எண். சூரியனுக்கு அது பத்தாது. 12க்குக் கீழே இறங்கவே கூடாது, 14 இருந்தால் கண்ணுக்கு நிம்மதி. 14ஐக் கேமராவுக்கு முன்னால் வைத்தும் பார்த்தேன். பத்திரமாக இருந்தது, ஆனால் சூரியன் பச்சையாக, விளிம்பு இரட்டையாக வந்தது. பார்க்க நல்லது, படத்துக்கு ஆகாது. அட்டைக் கண்ணாடி வாங்கினால் ஐஎஸ்ஓ 12312-2 என்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். குறியீட்டை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால், டியூப்லைட் சோதனையையும் செய்துவிடுங்கள்.

அதே பிலிமில் 2020 ஜூன் 21 பகுதி கிரகணத்தை மொட்டைமாடியில் எடுத்தேன். 2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள், சூரியன் மறையும் நேரத்துக் கிரகணம். அதில் மேகம்தான் அதிகம் கிடைத்தது. ஆனால் கிரகணத்தைவிட எனக்குப் பெரிய பரிசாகக் கிடைத்தது 2024 மே மாதம். பூமியின் விட்டத்தைப் போல் பதினைந்து மடங்கு நீளமுள்ள ஒரு கரும்புள்ளிக் கூட்டம் சூரியனில் வந்திருந்தது, விஞ்ஞானிகள் 3664 என்று எண் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து கிளம்பிய சூரியப் புயலில்தான் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. மே 10 காலை ஏழரை மணிக்கு, கடை திறக்கும் முன்னால், பிலிமைப் போட்டு எடுத்தேன். 640 பிக்சல் சூரியனில் வலப்பக்கம், சட்டையில் பேனா மை தெறித்த மாதிரி ஒரு கொத்து. பெரிதாக்கினால் கறுப்புக்கு வெளியே சாம்பல் நிற விளிம்பும் தெரிந்தது. கொடைக்கானல் ஆய்வகத்தில் 1904லிருந்து இதைத்தான் தினமும் படம் பிடிக்கிறார்கள் என்று மகளுக்குச் சொன்னேன். 2019 கிரகணப் படத்தில் ஒரு புள்ளிகூட இல்லாமல் சூரியன் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருக்கும். அந்த டிசம்பர்தான், கரும்புள்ளிகள் கூடிக் குறையும் சூரியச் சுழற்சியின் மிக அமைதியான மாதம். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பிரிண்ட் போட்டு ஸ்டுடியோ முகப்பில் மாட்டியிருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்கள் அதைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள்.

குறைகளும் உண்டு. பிலிம் மெல்லிசு, மடங்கினால் மடிப்பு போகாது. ஈரம் ஆகாது. நான் காலண்டர் அட்டைகளுக்கு நடுவே வைத்து, சிலிகா பாக்கெட்டோடு டப்பாவில் மூடுகிறேன். ஒவ்வொரு முறையும் போடும் முன்னால் சூரியனுக்கு நேரே கை நீளத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஒளி எங்காவது ஊசியாகக் குத்தினால் அந்தத் துண்டு கண்ணுக்கு ஆகாது. என் முதல் வளையத்தில் நான்காம் வருடம் ஒரு கீறல் விழுந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன். அட்டைச் சட்டம் செய்ய ஒரு மாலை முழுக்க ஆகும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் சட்டத்தோடு வரும் பில்டரை வாங்கலாம், விலை கூட.

போனில் எடுப்பவர்களுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. நல்ல கிரகணக் கண்ணாடியை போன் லென்ஸ் மேல் பிடித்தால் போதும், சூரியன் பொட்டு அளவுக்கு வரும். 200 மில்லிமீட்டருக்கு மேல் லென்ஸ் வைத்திருப்பவர்களும், சின்ன டெலஸ்கோப், பைனாகுலர் வைத்திருப்பவர்களும் தயங்காமல் வாங்கலாம். பைனாகுலருக்கு இரண்டு குழாய்க்கும் இரண்டு துண்டு போட வேண்டும், ஒன்றை மட்டும் மூடிவிட்டு மற்றதில் பார்க்கக் கூடாது. ஒரு தாளை ஒன்பது சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் ஆறு துண்டு. நான்கு நண்பர்கள் சேர்ந்தால் விலை பெரிதில்லை. நான் பத்துக்கு ஒன்பது போடுவேன்.

2027 ஆகஸ்ட் 2 எகிப்தில் முழு கிரகணம், லக்ஸர் பக்கம் ஆறு நிமிடத்துக்கு மேல். நமக்கு மாலையில் பகுதிதான். நமக்கு அடுத்த வளையம் 2031 மே 21, ஆலப்புழை, தேனி, மதுரை, காரைக்குடி வழியாக, மதியம் ஒரு மணி வாக்கில். சித்திரை வெயில் தணியாத நேரம், சூரியன் தலை உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். டிரைபாடை அவ்வளவு செங்குத்தாகச் சாய்க்க இப்போதே ஒரு ஹெட் தேடிக்கொண்டிருக்கிறேன். என் தாளில் இன்னும் இரண்டு துண்டு வெட்டாமல் இருந்தது. போன வாரம் அதில் ஒன்றை அண்ணாவின் பழைய 300 லென்ஸுக்கு அளவெடுத்து வளையம் செய்து கொடுத்தேன். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, ஒன்றும் தெரியவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பீரோவில் வைத்துப் பூட்டினார்.